வானுக்கு அடியில் யார் பார்த்தது?

பழைய வான் விற்கிற யாரோடு கதைத்தாலும் முதல் நிமிடத்திலேயே ஒரு வசனம் வந்துவிடும்: "பேப்பர் எல்லாம் கிளியர், பயப்பிடாதேங்கோ." பேப்பர் என்று அவர் சொல்வது நாலு விசயங்களை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தந்த பதிவுப் புத்தகம், அந்த வருடத்து வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சோதனைச் சான்றிதழ். நாலையும் மேசையில் விரித்து வைத்துப் படித்தால் வானின் நிறம் தெரியும், இயந்திரத்தின் கொள்ளளவு தெரியும், சொந்தக்காரரின் பெயர் தெரியும், எவ்வளவு புகை கக்குகிறது என்பதும் தெரியும். பிறேக் பிடிக்குமா என்பது மட்டும் தெரியாது. அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறதா என்று எந்த வருடத்திலாவது யாராவது குனிந்து பார்த்தார்களா என்பதும் தெரியாது.

இந்தக் கட்டுரை அந்த ஐந்தாவது பேப்பரைப் பற்றியது. வேறு நாடுகளில் அது எப்படி உண்டானது, எங்களிடம் ஏன் இல்லாமல் போனது, அது இல்லாத இடத்தில் ஒரு வானின் கடந்த காலத்தை எதை வைத்துப் படிக்கலாம் என்பதைப் பற்றியது. நாங்கள் வரலாறு படிக்கிறவர்கள், வான் விற்கிறவர்கள் இல்லை. ஆனால் எங்கள் வட்டத்திலேயே இரண்டு வீட்டில் இப்போது பழைய வான் தேடுகிறார்கள். ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற, மற்றது ஹயருக்கு ஓட்ட. இரண்டுக்கும் வீட்டுச் சேமிப்பு முழுவதும் போகப் போகிறது.

2020 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் கடுமையான வரிகளோடு. இடையில் இருந்த ஐந்து வருடத்தில் நாட்டில் ஓடிய வாகனங்கள் அனைத்துக்கும் ஐந்து வயது கூடியது. ஆனால் விலை மட்டும் வயதுக்கு ஏற்ற மாதிரி இறங்கவில்லை. 1990களில் செய்த வான்களைக் கூட 'நல்ல கொண்டிஷன்' என்று சொல்லி, சாதாரண குடும்பம் கனவிலும் எண்ணாத விலைக்கு விற்கிறார்கள். முப்பது வயது வானில் பதினைந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதனால்தான் இது வெறும் கராஜ் கதை இல்லை.

இலங்கையில் வான் என்றால் பெரும்பாலும் ரொயோட்டா ஹையேஸ். 1967 இல் ஜப்பானில் அறிமுகமான வண்டி. எங்கள் ஆட்கள் அதன் ஒவ்வொரு தலைமுறைக்கும் தாங்களே பெயர் வைத்துவிட்டார்கள். 80களில் வந்த பெட்டி மாதிரியான உருவம் 'ஷெல்'. 1989 இல் வந்த உருண்ட முகம் 'டொல்பின்'. 2004 இல் வந்ததை மட்டும் யாரும் செல்லப்பெயரால் கூப்பிடவில்லை, அதன் மாதிரிக் குறியீட்டையே பெயராக்கி 'கே.டி.எச்.' என்றார்கள். இந்தக் குறியீடுகளுக்கு அர்த்தம் உண்டு. கே.டி. என்பது டீசல் இயந்திர வகை, எச் என்பது ஹையேஸின் உடல். டொல்பினின் எல்.எச். 113 வீ என்பதில் எல் இன்னொரு டீசல் இயந்திரக் குடும்பம், கடைசி 'வீ' சரக்கு வான் என்பதைக் காட்டும். அந்தக் கடைசி எழுத்து ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் பிந்திச் சொல்கிறோம்.

எங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் வேர் காலனித்துவ ஆட்சியில் இருக்கிறது. 1938 இன் மோட்டார் கார் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு வந்தது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பல திருத்தங்களோடு இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. 'வெள்ளைக்காரன் சட்டத்தை வைத்துவிட்டுப் போனான், நாங்கள் கைவிட்டுவிட்டோம்' என்று சொல்ல இந்த விசயத்தில் வழியில்லை. பழைய கார்களை வருடாவருடம் சோதிக்கிற பழக்கம் அந்தக் காலத்துப் பிரித்தானியாவிலேயே இல்லை. அது வந்தது எங்களுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து.

யுத்தத்துக்குப் பிந்திய பிரித்தானியாவில் புதுக் கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போனது. உள்ளூர்ச் சனம் 1930களின் வண்டிகளையே தட்டிக்கொட்டி ஓட்டியது. 1956 இன் வீதிப் போக்குவரத்துச் சட்டம் சோதனைக்கு வழி திறந்தது. ஏர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்த 1960 செப்டெம்பரில் சோதனை தொடங்கியது. 1961 பெப்ரவரியில் கட்டாயமானது. முதலில் பத்து வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் என்பதால் சனம் அதைப் 'பத்து வருடச் சோதனை' என்றே சொன்னது. பார்த்தது மூன்றே விசயங்கள்: பிறேக், லைற், ஸ்ரியறிங். அந்த மூன்றிலேயே தவறிய வண்டிகள் அவ்வளவு அதிகமாக இருந்ததால் அதே 1961 முடிவதற்குள் வயது எல்லையை ஏழாகக் குறைத்தார்கள். 1967 இல் அது மூன்றானது. பிறகு ரயர், வைப்பர், ஹோர்ன், உடற்சட்டம், புகை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. போக்குவரத்து அமைச்சின் பெயர் எத்தனையோ தரம் மாறியும், அந்த அமைச்சின் பழைய பெயரின் முதலெழுத்துகளான 'எம்.ஓ.ரி.' இன்றைக்கும் சோதனையின் பெயராக நிற்கிறது.

எங்களைக் கேட்டால், அங்கே உண்மையான திருப்பம் 1960 இல் நடக்கவில்லை. இந்த நூற்றாண்டில், சோதனை முடிவுகள் கணினிக்குப் போனபோது நடந்தது. 2005 க்குப் பிந்திய சோதனைகளை வாகன இலக்கத்தை மட்டும் தட்டி யாரும் காசில்லாமல் பார்க்கலாம். சொந்தக்காரரிடம் கேட்கத் தேவையில்லை, தரகரை நம்பத் தேவையில்லை. லண்டனில் கடை வைத்திருக்கிற எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பழைய ஃபோர்ட் ட்ரான்சிற் பார்க்கப் போனால், வாசலில் நின்றபடியே ஃபோனில் அதன் முழுச் சாதகத்தையும் வாசித்துவிட்டுத்தான் மணி அடிப்பார். எந்த வருடம் தேறியது, எந்த வருடம் தவறியது, எதனால் தவறியது, ஒவ்வொரு தரமும் மீற்றர் எவ்வளவு காட்டியது, எல்லாம் அதில் இருக்கும்.

அதை வாசிப்பதற்கும் ஒரு கலை உண்டு. வரலாற்றுத் துறையில் முதல் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தருகிற மூலாதார விமர்சனத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. 'தவறியது' என்ற சொல்லைக் கண்டு ஓடக்கூடாது. ஒரு வருடம் பிறேக் குழாய் துரு என்று தவறி, இரண்டு நாளில் மாற்றித் தேறிய வான், குழாய் மாற்றப்பட்ட வான். தவறாமல் ஒவ்வொரு வருடமும் 'கவனித்துக் கொள்ளவும்' என்ற குறிப்போடு மட்டும் தப்பிய வான்தான் சந்தேகத்துக்குரியது. ஒரு வருடம் 'அடிப்பாகத்தில் இலேசான துரு', அடுத்த வருடமும் அதே, மூன்றாவது வருடம் அந்தக் குறிப்பே இல்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒட்டு வேலை செய்திருப்பார்கள், அல்லது கறுப்புத் தார் பூசி மறைத்திருப்பார்கள். மீற்றர் 2014 இல் ஒரு இலட்சத்து இருபதாயிரம் காட்டி 2015 இல் எண்பதாயிரம் காட்டினால் விளக்கமே தேவையில்லை. அதேநேரம் அந்தச் சோதனை இயந்திரத்தின் ஆயுளையோ கியர்பொக்ஸையோ பார்ப்பதில்லை. சோதித்த நாளில் வண்டி பாதுகாப்பாக இருந்தது என்பதைத் தவிர அது வேறெதற்கும் உத்தரவாதமில்லை. ஆவணம் எதைச் சொல்ல உருவாக்கப்பட்டதோ அதை மட்டும்தான் சொல்லும்.

எங்கள் வான்கள் பிரித்தானியாவில் இருந்து வரவில்லை, ஜப்பானில் இருந்து வந்தவை. அங்கேயும் ஒரு தற்செயலான பொருத்தம். எங்கள் மோட்டார் வாகனச் சட்டம் வந்த அதே 1951 இல்தான் ஜப்பானின் வீதிப் போக்குவரத்து வாகனச் சட்டமும் வந்தது. ஒரே வருடத்தில் இரண்டு ஆசிய நாடுகள் வாகனச் சட்டம் எழுதின. ஜப்பானின் சட்டத்தில் இருந்து வளர்ந்ததுதான் 'ஷாகென்' என்று அவர்கள் சொல்லும் கட்டாயச் சோதனை. பிறேக்கை உருளையில் ஏற்றி அளப்பார்கள், முன் லைற்றின் கோணத்தைப் பார்ப்பார்கள், வேகமானியைச் சரிபார்ப்பார்கள், புகையை அளப்பார்கள், பள்ளத்தில் இறங்கி அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வீதியில் ஓட முடியாது.

இப்போது அந்தக் கடைசி எழுத்துக்கு வருவோம். ஜப்பானில் குடும்பக் காருக்கு முதல் சோதனை மூன்று வருடத்தில், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. சரக்கு வானுக்கு அப்படியில்லை. புதிதில் இரண்டு வருடம், அதன் பிறகு வருடாவருடம். அதாவது எல்.எச். 113 வீ என்று தகட்டில் இருக்கிற டொல்பின், ஒசாக்காவில் மின்வேலைக்காரர் ஒருவரின் ஏணியையும் வயரையும் சுமந்த காலத்தில், வருடத்துக்கு ஒருதரம் யாரோ ஒருவரின் சுத்தியல் தட்டை வாங்கியிருக்கிறது. பிறகு கப்பல் ஏறி இங்கே வந்தது. வந்த நாளில் இருந்து, இருபது இருபத்தைந்து வருடமாக, அரசாங்கத்தின் சார்பில் அதன் அடியில் ஒருவரும் குனியவில்லை.

ஏன் கப்பல் ஏறியது? பழைய வண்டியை வருடாவருடம் சோதனைக்குக் கொண்டுபோய், சோதனையோடு சேர்ந்து வருகிற நிறை வரியும் கட்டாயக் காப்புறுதியும் கட்டி, பழுதும் பார்ப்பது ஜப்பானில் செலவான வேலை. ஒரு கட்டத்தில் வைத்திருப்பதை விட விற்பது லாபம். டீசல் வான்களுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1990களின் முடிவில் டோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷின்தாரோ, டீசல் கரித்தூளைப் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் போட்டுப் பத்திரிகையாளர்களுக்கு முன்னால் குலுக்கிக் காட்டினார். 2003 ஒக்டோபரில் இருந்து டோக்கியோவும் அதன் அயல் மாகாணங்கள் மூன்றும், கரித்தூள் அளவை மீறும் டீசல் சரக்கு வாகனங்களையும் பஸ்களையும் ஓடவிடாமல் தடுத்தன. நாடளாவிய சட்டம் ஒன்றும் பெருநகரப் பகுதிகளில் பழைய டீசல் வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க விடாமல் செய்தது. இங்கே வந்த எல்லா வானும் அதனால்தான் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு நகரம் தன் காற்றைச் சுத்தமாக்கும்போது அந்தப் புகை எங்கே போகிறது என்ற கேள்விக்கு, காலி வீதியிலோ கே.கே.எஸ். வீதியிலோ ஒரு டொல்பினுக்குப் பின்னால் பைசிக்கிளில் போய்ப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

கப்பலேறிய வான்களோடு பேப்பரும் வந்தது. ஏற்றுமதிக்காகப் பதிவை நீக்கிய சான்றிதழ் ஒன்று உண்டு. அதில் முதல் பதிவுத் திகதி ஜப்பானியப் பேரரசர் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஹெய்செய் ஆண்டோடு 1988 ஐயும், ஷோவா ஆண்டோடு 1925 ஐயும் கூட்டினால் எங்கள் கணக்கு வரும். ஹெய்செய் 5 என்றால் 1993. விற்கிறவர் '98 மொடல்' என்று சொல்லும் வானின் ஜப்பான் பேப்பரில் ஹெய்செய் 5 என்று இருந்தால், அவர் சொல்வது இலங்கையில் பதிந்த வருடத்தை. இரண்டுக்கும் நடுவில் ஐந்து வருடத்து ஓட்டம் இருக்கிறது. பதிவுப் புத்தகத்திலும் தயாரித்த வருடம் ஒரு பெட்டியில், முதல் பதிவுத் திகதி வேறொரு பெட்டியில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கோ.

மீற்றர் அளவை ஷாகென் சான்றிதழில் எழுதத் தொடங்கியது 2004 இல்தான். அதற்கு முந்திய வான்களின் சான்றிதழில் எவ்வளவு தூரம் ஓடியது என்ற வரியே இல்லை. எங்கள் வீதிகளில் ஓடுகிற டொல்பின்களில் பெரும்பகுதி அந்த இருட்டுக் காலத்து வண்டிகள். '1 இலட்சத்து 40 ஆயிரம்தான் ஓடியிருக்கு' என்று முப்பது வயது வானைக் காட்டிச் சொல்கிறவரோடு சண்டை பிடிக்காதீர்கள். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

ஏலத்தாள் என்று இன்னொன்றும் உண்டு. ஜப்பானில் பழைய வாகனங்கள் பெரிய ஏலக்கூடங்களில் கைமாறும்போது, பரிசோதகர் ஒருவர் வண்டியின் படத்தில் குறியீடுகள் போட்டு மதிப்பெண் கொடுப்பார். கீறல், பள்ளம், துரு, மாற்றிய கதவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. விபத்தில் பழுதாகித் திருத்திய வண்டிக்கு மதிப்பெண் இல்லை, 'ஆர்' என்று மட்டும் எழுதுவார்கள். கே.டி.எச். மாதிரிக் கொஞ்சம் பிந்திய வான்களுக்கு இந்தத் தாள் கிடைக்கலாம். கிடைத்தால் தாளை மட்டும் நம்பாதீர்கள், செசி நம்பரோடு ஒப்பிடுங்கள். ஃபோட்டோ பிரதியில் ஒரு எழுத்தை அழிப்பது கஷ்டமான வேலையே இல்லை.

இனி எங்கள் பக்கம்.

இலங்கை அரசுக்கு வாகனப் பதிவேட்டில் அக்கறை இல்லை என்று சொன்னால் அது பொய். அளவுக்கு மிஞ்சிய அக்கறை இருந்தது. தனிச் சிங்களச் சட்டம் வந்து ஒரு வருடம் ஆகுமுன், 1957 ஜனவரியில் இருந்து, புது வாகன இலக்கங்களில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் போட வேண்டும் என்றார்கள். தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. 1958 ஜனவரியில் பஸ் கம்பனிகள் தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் ஸ்ரீ போட்ட பஸ்கள் வடக்குக்கு வந்தபோது அது வீதிக்கு வந்தது. இங்கே ஸ்ரீக்குத் தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் நடந்ததை நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஒரு வாகனத் தகட்டில் இருந்த ஒற்றை எழுத்து இந்த நாட்டின் வரலாற்றில் அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது. அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருந்த பிறேக்கைப் பற்றி அந்தக் காலத்தில் பாராளுமன்றத்தில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை.

இது எங்கள் முக்கியமான வாதம். பிரித்தானியப் பதிவு 'இது ஓடத் தகுதியானதா' என்று கேட்கிறது. ஜப்பானியப் பதிவு அதையும் கேட்டு வரியையும் கேட்கிறது. எங்கள் பதிவேடு கேட்பது 'இது யாருடையது, வரி கட்டியாச்சா' என்பதை மட்டும்.

யுத்தம் அந்தக் கேள்வியை இன்னும் இறுக்கியது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. ஒஸ்ரின், மொறிஸ் கார்களைக் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கார்களை உயிரோடு வைத்திருந்த மெக்கானிக்மாரின் வேலை எந்தப் பதிவிலும் இல்லை. 1995 இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் 2009 இலும் வாகனங்களோடு சேர்ந்து புத்தகங்களும் போயின. முள்ளிவாய்க்கால் பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த வாகனக் குவியல்களின் படங்களை எங்களில் பலர் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம்.

அந்தக் காலத்தில் வான்களின் அடியில் குனிந்து பார்த்த ஆட்கள் இருந்தார்கள்தான். சோதனைச் சாவடிகளில் நீளக் கம்பில் கண்ணாடி பூட்டி, ஒவ்வொரு வாகனத்தின் அடிப்பாகத்தையும் பார்த்த இராணுவமும் பொலிசும். தேடியது குண்டை. துருவை இல்லை. எங்கள் பெற்றோரின் தலைமுறையில் வானின் அடியை அரசாங்கம் பார்த்த ஒரே முறை அது. அதே காலத்தில் வேறொரு வானும் ஓடியது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் ஆணைக்குழுக்களுக்கு முன்னால் திரும்பத் திரும்பச் சொன்ன வெள்ளை வான். இலக்கத் தகடு இருக்கவில்லை, அல்லது இருந்த இலக்கம் பொய் என்றே அநேக சாட்சியங்கள் சொல்கின்றன. யாருடைய வாகனம் என்று கேட்பதற்காகவே நடத்தப்பட்ட பதிவேடு, அந்தத் தாய்மார் கேட்ட ஒரே கேள்விக்கு வெறுமையாக இருந்தது. பழைய வெள்ளை டொல்பின் ஒன்று விற்பனைக்கு என்று விளம்பரம் கண்டால், வீட்டில் அம்மாமார் 'வேற நிறம் கிடைக்காதோ' என்று கேட்பதை நாங்கள் கேட்டிருக்கிறோம். வெள்ளைதான் ஜப்பானில் சரக்கு வான்களின் பொது நிறம் என்ற விளக்கம் அந்த இடத்தில் எடுபடாது.

தொழில்நுட்பச் சோதனை என்று ஒன்று இங்கே அறவே இல்லை என்பதும் சரியில்லை. பஸ், லொறி மாதிரியான வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். வீட்டுப் பாவனைக்கென்று பதிந்த வானுக்கு வருடாவருடம் கட்டாயமாக வந்தது புகைச் சோதனை, 2008 இல் இருந்து. டீசல் என்றால் இயந்திரத்தை முறுக்கிப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். டோக்கியோ வேண்டாம் என்ற அதே புகையை ஐந்து வருடம் கழித்து நாங்கள் அளக்கத் தொடங்கினோம். நல்ல விசயம்தான், காற்று எங்களுக்கும் வேண்டும். ஆனால் சோதனைக்கு முதல் நாள் டீசல் பம்பைக் கொஞ்சம் குறைத்து, சான்றிதழ் எடுத்த பிறகு பழையபடி கூட்டுகிற வித்தை கராஜ்காரருக்குத் தெரியாததில்லை. புகைச் சான்றிதழில் 'தேறியது' என்று இருப்பதைப் பிறேக் தேறியதாக நினைத்துக்கொள்கிற வாங்குபவரும் இருக்கிறார். அதுதான் எங்களுக்குப் பயம்.

புத்தகமும் முழு உண்மை சொல்லாது. 'ஓப்பன் பேப்பர்' என்பதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. விற்கிறவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்து, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுப்பார். அவர் பதியாமல் ஓட்டி, அதே படிவத்தோடு அடுத்தவருக்கு விற்பார். புத்தகத்தில் இரண்டு பெயர், உண்மையில் ஆறு கை. 'ரண்டாவது ஓனர்' என்று சொல்கிறவர் பொய் சொல்லாமலே உங்களை ஏமாற்றலாம். விற்கிற ஆளின் அடையாள அட்டையும் புத்தகத்தின் கடைசிப் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை. லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் புத்தகத்தில் இருந்தால், கடன் முடிந்த கடிதத்தைக் கண்ணால் காணாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். திணைக்களத்தில் கட்டணம் கட்டிப் பதிவேட்டின் சாற்றை எடுத்து, கையில் இருக்கிற புத்தகத்தோடு ஒப்பிடலாம். அரைநாள் போகும். சேமிப்பு முழுவதும் போவதை விட அது பரவாயில்லை.

மற்றபடி, பேப்பர் மௌனமாகிற இடத்தில் வானையே வாசிக்க வேண்டியதுதான். தொல்லியல் படிக்கிற நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்.

செசி நம்பர் புத்தகத்திலும் தகட்டிலும் இரும்பிலும் ஒன்றாக இருக்கிறதா, இரும்பில் அரம் போட்ட அடையாளமோ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்பது முதல் வேலை. முன் கண்ணாடியின் மேல் பக்கத்தைப் பாருங்கள். ஜப்பான் ஸ்ரிக்கரை உரிக்காமலே ஓட்டுகிறவர்கள் நிறைய. சதுரமான சின்ன ஸ்ரிக்கர் ஷாகென் முடிகிற திகதி: பெரிய எண் மாதம், சின்ன எண் ஜப்பானிய ஆண்டு. ஆண்டு 14, மாதம் 6 என்றால் 2002 ஜூன். சரக்கு வான் என்றால் கடைசிச் சோதனை அதற்கு ஒரு வருடம் முந்தி நடந்தது. வட்டமான ஸ்ரிக்கர் வேறு, அது அரசாங்கச் சோதனை இல்லை, கராஜில் செய்த காலாந்தரப் பராமரிப்பின் அடையாளம். இரண்டும் இருக்கிற கண்ணாடி, வான் ஜப்பானை விட்டு வந்த பிறகு உடையாத கண்ணாடி. அதுவே ஒரு சாட்சி.

ரயரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். 'போன வருடம் போட்ட புது ரயர்' என்று சொல்கிறவருக்கு அதைக் காட்டுங்கள். பிறேக் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து மீற்றர் மட்டும் இளமையாக இருந்தால், தேய்ந்த ரப்பரை நம்புங்கள். சீற் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால், வெள்ளத்தில் நின்ற வானில் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். ஒரு சின்னக் காந்தத்தைக் கதவின் கீழ் விளிம்போடு நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பற்றி இருக்கிறது. பிறகு தெரிந்த மெக்கானிக் அண்ணையைக் கூட்டிக்கொண்டு, விற்கிறவர் சொல்கிற கராஜுக்கு இல்லாமல், நீங்கள் தெரிந்தெடுத்த சேர்விஸ் ஸ்ரேஷனில் வானை மேலே தூக்குங்கள். அடிச்சட்டத்தில் புதுக் கறுப்புத் தார் பளபளத்தால் ஸ்குறூட்றைவரின் பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல இரும்பு மணி மாதிரிச் சத்தம் போடும், உக்கின இரும்பு மட்டையைத் தட்டின மாதிரிக் கேட்கும். அண்ணை பார்த்ததை ஒரு தாளில் திகதி போட்டு, அன்றைய மீற்றர் அளவையும் எழுதி வாங்கி, வானின் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்து அதை வாங்கப் போகிறவருக்குக் கிடைக்கிற முதலாவது சோதனை வரலாறு அந்தத் தாளாகத்தான் இருக்கும்.

கடைசியாகச் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து தூணைப் பாருங்கள். ஜப்பான் கராஜ்காரர் எண்ணெய் மாற்றும்போது திகதியும் மீற்றர் அளவும் எழுதி ஒட்டுகிற சின்னத் தாள் அங்கே இருக்கும். பழசின் மேல் புதுசாக மூன்று நாலு கூட இருக்கலாம். எழுத்து விளங்காவிட்டாலும் எண்கள் எங்கள் எண்கள்தான். ஹெய்செய் 11 இல் 1,62,000 என்று தூணில் ஒட்டியிருக்கிற வான் இன்றைக்கு டாஷ்போர்ட்டில் 1,40,000 காட்டுகிறது என்றால் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கலாம். தூணில் ஒன்றும் இல்லாமல், தாள் இருந்த இடத்தில் பசையை மட்டும் யாரோ பிளேட்டால் சுரண்டிய அடையாளம் இருந்தால், கதைக்க வேண்டிய விசயம் விலை இல்லை.